கொழுவ முன் ஒருக்கா யோசியுங்கோ!

சண்டைக்கும் கறையானுக்கும் தப்பிய ரேடியோகிராம்களை இப்போது நாங்களே கெடுக்கிறோம்

“ஐயோ தம்பி, உதைக் கொழுவிப் போடாதேங்கோ!”

லண்டனிலிருந்து லீவில் வந்திருந்த மகன் பிளக்கும் கையுமாக அப்படியே நின்றார். அச்சுவேலியில் ஒரு பழைய ஓட்டு வீடு. விறாந்தையைத் தாண்டியதும் உள்ள ஹோலில், சுவரோடு சாத்தினபடி நாலரை அடி நீள ரேடியோகிராம். சரிந்த நாலு கால்கள், வால்நட் மரத்தோல் ஒட்டிய உடம்பு, முன்பக்கம் மங்கிப்போன பொன்னிறத் துணி. கனகாலம் அதன் தலையில் ரீவி இருந்தது. ரீவி தட்டையாகிச் சுவரில் ஏறிய பிறகு தாத்தாவின் படமும் பிளாஸ்டிக் பூச்சாடியும் இருந்தன. அன்றைக்கு எல்லாவற்றையும் இறக்கி, பெட்டியைத் துடைத்து மினுக்கி, புது வயரும் போட்டாயிற்று. அப்பாவின் பெட்டி பாடவேணும் என்பது மகனின் ஆசை. நல்லவேளை, திருத்துகிறவர் அந்த நேரம் பார்த்துப் படலையைத் திறந்தார்.

“ஏன் ஐயா, நல்லாத்தானே இருக்கு?”

“வெளியாலை நல்லாத்தான் இருக்கு. உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பாத்தனீங்களே?”

சைக்கிள் பையிலிருந்து திருப்புளியை எடுத்துப் பின்பலகையைக் கழற்றினார். ஒரு மூலையிலிருந்து கறையான் மண்ணாலே கோடு போட்டிருந்தது. வால்வுகளுக்கு இடையில் பல்லி முட்டை ஓடுகள். இடப்பக்க ஸ்பீக்கரின் கூம்புக்குள் குளவி களிமண்ணில் கூடு கட்டிக் குடியிருந்து போயிருந்தது. அவர் இதொன்றையும் சட்டை செய்யவில்லை. மெழுகு வழிந்து காய்ந்துபோன, சுண்டுவிரல் அளவுக் கொண்டன்சர் ஒன்றை ரோர்ச் வெளிச்சத்தில் காட்டினார். “இதுதான் ஆள். எத்தினை வருசமா கறண்டைக் காணாத சாமான். எடுத்த எடுப்பிலை இருநூற்று முப்பதைக் குடுத்தால் தாங்குமே?”

குடாநாட்டுக்கு ஒவ்வொரு நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் சிலர் வீட்டு மூலையில் கிடக்கிற இந்தப் பெட்டியைப் பாட வைக்கப் பார்க்கிறார்கள். நல்ல விசயம்தான். ஆனால் ஷெல்லுக்குத் தப்பிய பெட்டிகள் இப்போது இரண்டு காரியத்தால் அழிகின்றன. ஒன்று, ஆசையோடு நேரே கொழுவிப் பார்ப்பது. மற்றது, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் புளூடூத் பூட்டுவது. முதலாவது அறியாமையால் நடக்கிறது. இரண்டாவதைக் காசு கொடுத்துச் செய்விக்கிறோம்.

பெட்டி வந்த கதை

எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1887இல். அரக்கில் செய்த 78 சுற்றுத் தட்டுத்தான் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் உலகத்தை ஆண்டது. 1948இல் கொலம்பியா நிறுவனம் வைனலில் நீண்ட எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டரின் 45 சுற்றுத் தட்டு. 1958 அளவில் ஸ்ரீரியோத் தட்டுகள் கடைக்கு வந்துவிட்டன. வானொலி, தட்டு போடும் யந்திரம், அம்பிளிபையர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே மரப்பெட்டிக்குள் அடக்கித் தளபாடமாக விற்றதுதான் ரேடியோகிராம். பை, மேர்பி, பிலிப்ஸ், குருண்டிக், ரெலிபுங்கன், எச்.எம்.வி. என்று பெயர்கள். உள்ளே தட்டைச் சுற்றும் யந்திரம் பெரும்பாலும் ஸ்விண்டனில் செய்த கராட், இல்லையென்றால் பேர்மிங்காமின் பி.எஸ்.ஆர்.

யாழ்ப்பாணத்தில் இதை வாங்கக்கூடியவர்கள் அரசாங்க உத்தியோகத்தர், மலாயாப் பென்சன்காரர், புகையிலை வியாபாரத்தில் கை நனைத்தவர்கள். பாட்டுக்குப் பஞ்சமிருக்கவில்லை. கொழும்பில் 1925 டிசம்பர் 16இல் தொடங்கிய ஒலிபரப்பு 1950இல் வர்த்தக சேவையையும் கண்டது. இந்திய அமைச்சர் கேஸ்கர் 1952இல் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தபோது தமிழ்நாடே இலங்கை வானொலிப் பக்கம் காதைத் திருப்பியது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் கடல் கடந்து போனது அந்தக் காலத்தில்தான்.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, ஜப்பான் கசெற் றெக்கோடர்கள் குவிந்தன. பட்டியல் எழுதிக் கொடுத்தால் விரும்பிய பாட்டைக் கசெற்றில் அடித்துத் தரும் றெக்கோடிங் பார்கள் சந்திக்குச் சந்தி முளைத்தன. ரேடியோகிராம் தட்டுமுட்டுச் சாமானாயிற்று.

ஒரு டைனமோ, ஒரு வால்வு

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றுபோனது. ரோர்ச் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது யாழ்ப்பாணம் கண்டுபிடித்த வழியை ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் இன்றைக்கும் சொல்வார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வந்த கறண்டில் சின்ன ரேடியோவில் பி.பி.சி. தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். சுற்றுகிற கை களைத்தால் செய்தி தேய்ந்து போகும். செய்தி முக்கியமான இடத்துக்கு வந்தால் வீட்டில் இருப்பவர்கள் ஆள்மாறி ஆள் சுற்றுவார்கள்.

ரேடியோகிராமுக்கு அந்த வித்தை பலிக்கவில்லை. காரணம் எளிய கணக்கு. சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட்டில் ஏறக்குறைய 3 வாட். ரேடியோகிராமில் ஸ்பீக்கரை ஓட்டும் ஈ.எல்.84 வால்வின் இழை சூடாக மாத்திரம் 6.3 வோல்ட்டில் 0.76 அம்பியர் வேண்டும். பெருக்கினால் 4.8 வாட். ஒரு வால்வைச் சூடாக்கவே ஒரு சைக்கிள் போதாது. ஸ்ரீரியோப் பெட்டியில் அப்படி இரண்டாவது இருக்கும்; மற்ற வால்வுகள், மோட்டர், 250 வோல்ட் உயரழுத்தம் எல்லாம் தனிக் கணக்கு. ஊரே சைக்கிள் சுற்றிச் செய்தி கேட்ட காலத்தில் இந்தப் பெட்டி வாயடைத்து இருந்தது இதனால்தான்.

1995 ஒக்ரோபரில் பலாலியிலிருந்து ‘ரிவிரெச’ படை நடவடிக்கை அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி வழியாக நகர்ந்தது. அந்த மாதம் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது. சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை போகும், குழந்தை போகும், உறுதிக் கட்டுப் போகும். நாலரை அடிப் பெட்டி போகாது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்களில் சிலருக்கு வீடும் இருந்தது, பெட்டியும் இருந்தது. சிலருக்குக் கூரையே இல்லை. பக்கத்து வளலாயில் பலருக்குத் தங்கள் காணியில் கால்வைக்கவே 2015 ஆனது. ஆகவே இன்றைக்கு ஒரு ஹோலில் ரேடியோகிராம் நிற்கிறதென்றால் அது பழையது என்பதற்காக மட்டும் அருமையானதில்லை.

இடையில் சுன்னாகத்தில் டீசல் யந்திரங்கள் ஓடின. ஊருக்கு ஊர் மணிக்கணக்கில் பங்கு. தேசிய மின்வலையோடு குடாநாடு மறுபடி இணைந்தது 2013இல். அதற்குள் பெட்டியை மறந்தாயிற்று.

கொழுவினால் என்ன நடக்கும்?

பழைய பெட்டிக்குள் முதலில் சாவது வால்வு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் வால்வு பாவிக்காமல் இருந்தால் பெரிதாகக் கெடுவதில்லை. கெடுவது கொண்டன்சர். கடதாசியும் மெழுகும் கொண்டு செய்த அந்தக் காலத்துக் கொண்டன்சர் எங்கள் ஈரக்காற்றை உறிஞ்சி, மின்சாரத்தைத் தடுக்கவேண்டிய இடத்தில் கசிய விடும். அலுமினியப் பேணிக்குள் இருக்கும் பெரிய எலெக்ட்ரோலிற்றிக் கொண்டன்சருக்கு வேறு வருத்தம்: கனகாலம் கறண்டில்லாமல் இருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய ஒக்சைட் படலம் கரைந்துவிடும்.

இப்படிப்பட்ட பெட்டிக்கு ஒரேயடியாக 230 வோல்ட் கொடுத்தால் நடப்பது வரிசையாக நடக்கும். ஈ.சி.சி.83 வால்வுக்கும் ஈ.எல்.84க்கும் நடுவில் உள்ள கொண்டன்சர் கசிகிறது. போகக்கூடாத நேர்மின்னழுத்தம் ஈ.எல்.84இன் கிரிட்டுக்குப் போகிறது. வால்வு அளவுக்கு மிஞ்சி இழுக்கிறது. உள்ளே தகடு செக்கச் சிவக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் அவுட்புட் ரான்ஸ்போமரின் தலைமுடி போன்ற செம்புக் கம்பி அறுகிறது. முதல் இரண்டு நிமிசம் பாட்டுக் கேட்கும் என்பதுதான் இதில் கொடுமை. “ஐயோ, அப்பா பெட்டி பாடுதே!” என்று வீட்டார் கூடிநிற்கும்போதே புகை வரும். தேத்தண்ணிக் காசுக்கு வாங்கக்கூடிய ஒரு கொண்டன்சரை மாற்றாததால், எங்கேயும் வாங்க முடியாத ஒரு ரான்ஸ்போமர் போய்விடும்.

அச்சுவேலி வீட்டுக்கு வந்த ஐயா செய்தது இதற்கு நேரெதிர். முதல் நாள் கறண்டே கொடுக்கவில்லை. கடதாசிக் கொண்டன்சர் முழுவதையும் வெட்டி எடுத்து, 630 வோல்ட் தாங்கும் பொலியெஸ்ரர் கொண்டன்சர்களைப் பற்றவைத்தார். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கிற சாமான்தான். பெரிய பேணிக் கொண்டன்சரைக் கழற்றாமல் தோற்றத்துக்கு அப்படியே விட்டு, அடியில் புதியதைப் பூட்டினார். பிறகுதான் பலகையில் அடித்த ஒரு பல்ப் ஹோல்டரை எடுத்தார். அதில் 60 வாட் குண்டுபல்ப். பெட்டிக்குப் போகிற கறண்ட் அந்தப் பல்ப் வழியாகத்தான் போகும். பல்ப் ஒருதரம் பளிச்சிட்டு மங்கினால் சரி. முழுப் பிரகாசத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கேயோ கோளாறு. பெட்டிக்குச் சேதமில்லை, நிற்பாட்டித் தேடலாம். பல்ப் மங்கியது. அரை நிமிசம் கழித்து முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பச்சைக் கண் மெல்லத் திறந்தது. மகன் கைதட்டினார். ஐயா இன்னும் ஸ்பீக்கரைப் பூட்டவேயில்லை.

———————————————
பெட்டிச் செய்தி: தொட முன் எழுத்தைப் பாருங்கோ

வால்வின் கண்ணாடியில் பெயர் அச்சடித்திருக்கும். ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் (ஈ.எல்.84, ஈ.சி.சி.83) இழை 6.3 வோல்ட்டில் வேலைசெய்யும்; பெரும்பாலும் உள்ளே மெயின்ஸ் ரான்ஸ்போமர் இருக்கும். ‘யூ’ என்று தொடங்கினால் (யூ.எல்.84, யூ.வை.85) எல்லா இழைகளும் தொடராக நேரே மெயின்ஸில் தொங்குகின்றன, இரும்புச் சட்டமே கறண்ட் கம்பியோடு தொடுப்பில் இருக்கலாம். பிடி கழன்ற திருகியின் கம்பியைத் தொட்டாலும் உயிராபத்து. இப்படிப்பட்ட பெட்டியில் தொலைபேசியைக் கொழுவவே கூடாது.

பிளக்கைக் கழற்றிய பின்பும் பெரிய கொண்டன்சரில் 250 வோல்ட் தங்கி நிற்கலாம். தெரிந்தவர் அதை இறக்காமல் உள்ளே கைவைக்கக்கூடாது.
———————————————

சக்கரத்தில் ஒரு பள்ளம்

தட்டுப் போடும் பக்கம் வேறு உலகம். கராட், பி.எஸ்.ஆர். யந்திரங்களில் மோட்டரின் பித்தளைக் கப்பிக்கும் தட்டுமேடையின் உள்விளிம்புக்கும் நடுவில் ஒரு றப்பர் சக்கரம். யந்திரத்தை ஒழுங்காக நிற்பாட்டினால் சக்கரம் விலகி நிற்கும். பாடிக்கொண்டிருக்கும்போது கறண்ட் போனால்? விலகாது. கப்பியில் அழுந்தியபடியே இருக்கும். ஒருவரும் கவனிக்காமல் மூடியைச் சாத்திவிட்டால், அழுந்திய இடத்தில் றப்பர் பள்ளமாகிவிடும்.

ஐயா சக்கரத்தைக் கழற்றி விளிம்பில் நகத்தை ஓடவிட்டார். ஒரு இடத்தில் நகம் இறங்கி ஏறியது. “கறண்ட் நிண்டநேரம் இது பாடிக்கொண்டு இருந்திருக்குது” என்றார். என்ன பாட்டோ.

இந்தப் பள்ளத்தோடு ஓட்டினால் ஸ்பீக்கரில் ‘டுப், டுப்’ என்று ஓயாமல் கேட்கும். சிறிய பள்ளமென்றால் சக்கரத்தை மெதுவாகச் சுழலவிட்டு நயமான உப்புக்கடதாசியால் உரைத்தெடுக்கலாம். ஆழமென்றால் புது றப்பர் போடவேண்டும். யந்திரத்தில் இறுகிக் கட்டியான கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்து, அச்சுகளுக்குத் தையல் மெஷின் ஒயில் ஒரு துளி. கையோடு றப்பரிலும் ஒயில் பட்டால் தட்டு வழுக்கும்; திருத்தியவனைத் திட்டுவார்கள்.

வேகம் சரியா என்று பார்க்க, 180 கோடு வரைந்த கடதாசி வட்டத்தைத் தட்டின்மேல் வைக்கவேண்டும். எங்கள் மெயின்ஸ் 50 ஹேர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுங்கும். தட்டு நிமிசத்துக்குச் சரியாக 33⅓ சுற்றுச் சுற்றினால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சத்தில் இது சரிவராது, பலதும் அப்படி மினுங்குவதில்லை. நியோன் ரெஸ்ரரின் வெளிச்சம் போதும்.

மரவேலையில் ஒரே ஒரு எச்சரிக்கை. மேலே தெரிகிற வால்நட் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தோல், அடியில் ஒட்டுப்பலகை. ஊரில் தேக்கும் வேம்பும் இழைத்துப் பழகிய தச்சாசாரியார் மெஷினைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் தோல் போய் அடிப்பலகை சிரிக்கும். கிளம்பிய தோலுக்கு ஈரத்துணி போட்டுச் சூடான ஸ்திரிக்கைப்பெட்டியால் அழுத்தினாலே பழைய பசை மறுபடி பிடிப்பதுண்டு.

புளூடூத் பூட்டலாமா?

இப்போது நாகரிகமாகிவிட்ட வேலை ஒன்று உண்டு. வால்வு, ரான்ஸ்போமர், கராட் யந்திரம் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டு, வெறும் பெட்டிக்குள் கையளவு சீனப் பலகையும் இரண்டு கார் ஸ்பீக்கரும் பூட்டுவது. வெளியே பார்க்க ரேடியோகிராம். உள்ளே எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய சாமான். படம் பிடித்து முகநூலில் போட நல்லாயிருக்கும். என்னைக் கேட்டால், அதற்கு அந்தப் பெட்டியை அப்படியே ரீவிக்கு மேசையாக விட்டிருக்கலாம்.

காரணம் ஏக்கம் மட்டுமில்லை. ஈ.எல்.84, ஈ.சி.சி.83 வால்வுகளைச் சுலோவாக்கியாவில் ஜே.ஜே. நிறுவனம் இன்றைக்கும் செய்கிறது. அமெரிக்காவில் 2022இல் வைனல் தட்டுகள் 41 மில்லியன் விற்க, குறுந்தட்டுகள் 33 மில்லியன்தான் விற்றன. 1987க்குப் பிறகு தட்டு முந்தியது அதுதான் முதல்முறை. ஆகவே ஊசியும் றப்பரும் மறுபடி சந்தைக்கு வந்திருக்கின்றன. செய்ய ஆளில்லாதது பழைய பெட்டியின் சொந்த ரான்ஸ்போமரும் அதன் டயல் கண்ணாடியும் யந்திரத்தின் சின்னச் சின்ன நெம்புகளும்தான். இரும்புக்காரரிடம் போவது சரியாக அந்தச் சாமான்கள். ஒரு பெட்டி பாடாதென்றால்கூட அதன் உறுப்பு இன்னொன்றுக்கு உதவும்.

புளூடூத் வேண்டுமென்றால் ஒன்றையும் வெட்டாமலே செய்யலாம். ரான்ஸ்போமர் உள்ள பெட்டிகளின் பின்பக்கம் ரேப் றெக்கோடருக்கோ வெளித் தட்டுக்கோ ஒரு சொக்கெற் இருக்கும். சிறிய புளூடூத் வாங்கியை அதில் தொடுத்தால், பேரப்பிள்ளை தொலைபேசியில் போடுகிற அனிருத்தும் அதே வால்வுக்குள்ளால் வரும். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

வானொலிப் பக்கத்தில் மட்டும் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். பழைய ஜேர்மன் பெட்டிகளில் எஃப்.எம். டயல் 100இல் முடிந்துவிடும். அதற்கு மேலுள்ள நிலையங்கள் வரமாட்டா. சிற்றலை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. மத்திய அலையில் திருச்சியைத் தேடினால் முதலில் கேட்பது வீட்டு எல்.ஈ.டி. பல்புகளும் சார்ஜர்களும் போடுகிற இரைச்சல்தான்.

———————————————
பெட்டிச் செய்தி: எந்தத் தட்டுக்கு எந்த ஊசி?

78 சுற்றுத் தட்டின் தவாளிப்பு அகலமானது; ஊசி முனை ஏறக்குறைய 65 மைக்ரோன். எல்.பி.க்கு 25, ஸ்ரீரியோவுக்கு 18. எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் அடியில் தட்டி இரையும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் தட்டுப் போச்சு. பல பெட்டிகளில் ஊசிப்பிடியைத் திருப்பிவிட ஒரு சின்ன நாக்கு இருக்கும்.

78 தட்டு அரக்கு. மரத்துக்குப் பூசும் பிரெஞ்சுப் பொலிஷும் அரக்குத்தான். ஸ்பிரிற்றில் கரைகிற சாமான். ஆகவே 78ஐ ஸ்பிரிற்றால் துடைக்கக்கூடாது. தட்டுகளை அடுக்காமல் நிமிர்த்தி வைக்கவும். ஓட்டுக் கூரையின் சூட்டில் வைனல் வளையும்.
———————————————

தட்டுகள் எங்கே?

பெட்டி பாடத் தொடங்கியதும் வருகிற கேள்வி: எதைப் போடுவது? அலுமாரித் தட்டில் கிடப்பவை பெரும்பாலும் கல்கத்தா டம்டம்மில் அச்சான எச்.எம்.வி. தட்டுகள். ரி.எம்.எஸ்., சீர்காழி, சுசீலா. திருவிழாக்களில் குழாய் ஸ்பீக்கரில் ஊரே மனப்பாடம் செய்த ‘திருவிளையாடல்’ வசனம். இவையெல்லாம் இன்றைக்குத் தொலைபேசியிலேயே கிடைக்கும். தேய்ந்தாலும் உலகம் இழப்பது ஒன்றுமில்லை. கவனிக்கவேண்டியது மற்றவை. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் காலத்து இலங்கைப் பொப்பிசைத் தட்டுகள், இங்கத்தைய நாதஸ்வர தவில் கச்சேரிகள், கோயிலுக்கோ கழகத்துக்கோ கொஞ்சமாக அடித்த பதிவுகள். யாரோ ஒருவர் வீட்டில் கிடக்கும் பிரதிதான் கடைசிப் பிரதியாக இருக்கக்கூடும்.

இப்படி ஒன்று கையில் கிடைத்தால் முதலில் அதைப் போட்டுக் கேட்காதீர்கள். தேய்ந்த ஊசி ஒரே ஓட்டத்தில் தவாளிப்பைச் சுரண்டிவிடும். முதலில் புது ஊசி. முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் அச்சுப் புத்தகங்களோடு ஒலிப்பதிவுகளையும் எண்ணிம ஆவணமாக்கி வருகிறது. தட்டின் உறையையும் நடுவட்டத்து எழுத்தையும் சேர்த்துப் படமெடுத்து அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டலாம்.

ரொறன்ரோவிலிருந்து வந்த பெட்டி

புத்தூர்ப் பக்கம் இன்னொரு வீட்டில் பிரச்சினை வேறு மாதிரி. இங்கே பெட்டி ஊரிலிருந்து போகவில்லை. கப்பலில் ஊருக்கு வந்திருக்கிறது. ரொறன்ரோவில் வீடு மாறியவர் ஒருவர் வீதியோரம் விட்ட மக்னவொக்ஸ் கொன்சோல். அமெரிக்கச் சாமான், 117 வோல்ட். அதற்கென்று 230ஐ 120 ஆக்கும் ரான்ஸ்போமரும் கூடவே வாங்கி வைத்திருந்தார்கள். கொண்டன்சர்களும் மாற்றியாயிற்று. தட்டும் சுற்றியது. ஆனால் சுசீலா பாட வாய் திறந்ததும் ஆண்குரல்.

ரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. கனடாவில் 60, இங்கே 50. மோட்டர் ஆறில் ஒரு பங்கு குறைவாகச் சுற்றும். 33⅓ என்பது 27.8 ஆகிவிடும். மூன்று நிமிசப் பாட்டு மூன்று நிமிசம் 36 விநாடி ஓடும். 5 கட்டையில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிவிடுவார்.

மருந்து கப்பியில் இருக்கிறது. மோட்டர்த் தண்டில் உள்ள பித்தளைக் கப்பியின் ஒவ்வொரு படியையும் 1.2 மடங்கு பருமனாக்கினால் கணக்கு நேராகும். இங்கிலாந்து யந்திரங்களுக்கு 50க்கும் 60க்கும் தனித்தனிக் கப்பியே விற்றார்கள். இதற்கு ஊரில் கடைந்தால்தான் உண்டு. 16, 33, 45, 78 என்று நாலு படி. விட்டத்தில் நூற்றுக்கு ஒன்று பிசகினால் சுருதியும் நூற்றுக்கு ஒன்று பிசகும். மையம் மயிரிழை விலகினால் பாட்டு அழும்.

பொருத்தமான பித்தளைத் துண்டை ஐயாவே தேடிப் பிடித்து, நாலு விட்டத்தையும் கடதாசியில் எழுதிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனார். தண்ணிப் பம்புச் சாமான் கடைந்து பழகிய முதலாளி கடதாசியை வாங்கி, தசமப் புள்ளிக்குப் பின்னாலிருந்த இலக்கங்களைப் பார்த்தார்.

“இது என்ன மெஷினுக்கு அண்ணை?”

“பாட்டுப் பெட்டிக்கு.”

“பாட்டுப் பெட்டிக்கோ இவ்வளவு நுணுக்கம்?” என்றவர், கையில் இருந்த பம்பு அச்சைக் கீழே வைத்துவிட்டு, வேர்ணியரைத் தேடத் தொடங்கினார்.